கற்பனைக் கோளுக்குக் காற்றுத் தேடி தனுஷ்கோடிக்கு

நான் எழுதிவரும் அறிவியல் புனைகதை, பூமியை ஒத்த ஒரு கோளில் நிகழ்கிறது. அங்கே காற்று எப்படி வீசும் என்று தீர்மானிக்கவே, கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வலுத்திருக்கும் ஆடி மாதத்தில் இராமநாதபுரம் கடற்கரைக்குச் சென்றேன்.

பாம்பன் பாலத்தில் காற்று வரம்பை மீறினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். வேகம் இரட்டிப்பானால் காற்று தள்ளும் விசை நான்கு மடங்காகிவிடும் என்பதால், அது தேவையான கண்டிப்பு. அந்த விசையில் காற்றின் அடர்த்திக்கும் பங்குண்டு. என் கோளின் காற்று பூமியினுடையதைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. ஆகவே அங்கே மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, இங்கே 49 கிலோமீட்டர் வேகக் காற்று தள்ளுவதைப் போல் படகின் பாயைத் தள்ளும்.

தனுஷ்கோடிச் சாலையின் தெற்கே ஆண்கடலான மன்னார் வளைகுடா கரையை அறைந்துகொண்டிருக்க, வடக்கே கூப்பிடு தூரத்தில் பெண்கடலான பாக் நீரிணை குளம்போல் கிடந்தது. வலையைச் சீர்செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர், “மார்கழில வாங்க தம்பி, வாடை அடிக்கும், அப்ப இது கிடக்கும், அது ஆடும்” என்று முதலில் தெற்கையும் பிறகு வடக்கையும் காட்டினார். இந்த இடமாற்றத்துக்கு வேர், பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதும், அதனால் ஆசிய நிலப்பரப்பு கோடையில் காய்ந்து குளிர்காலத்தில் ஆறுவதால் காற்று திசை மாறுவதும்தான். அச்சு சாயாத கோளில் ஒரு கரை எப்போதும் கொந்தளிக்கும், மறுகரை எப்போதும் அடங்கியிருக்கும். மீனவர்கள் கரை மாறித் தொழில் செய்யும் வாழ்வே அங்கு இராது. அந்த வாழ்வு என் கதைக்கு வேண்டும் என்பதால், சாய்வை அப்படியே வைத்துக்கொண்டேன்.

1964 டிசம்பரில், நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு ஒரு ரயிலையே கடல் கொண்டுபோன இந்த மண்ணில் நின்றுகொண்டு புயலைப் பற்றி அலட்சியமாக எழுத எனக்கு மனம் வரவில்லை. புயலைச் சுழலவைப்பது கோளின் தற்சுழற்சி. நிலநடுக்கோட்டில் அதன் விளைவு பூச்சியம் என்பதால், ஐந்து பாகை அட்சரேகைக்குள் புயல்கள் உருவாவது அரிது. என் கோளில் ஒரு நாளுக்கு 40 மணி நேரம். கணக்கிட்டுப் பார்த்தால், தனுஷ்கோடி இருக்கும் ஒன்பது பாகையில் அங்கே கிடைக்கும் சுழற்சி, பூமியில் ஐந்தரை பாகையில் கிடைப்பதற்கே ஈடாகிறது. புயல்கள் பெரும்பாலும் துருவத்தை நோக்கியே நகர்வதால், அந்த ஒன்பது பாகையில் வாழ்பவர்கள் புயலை அறியாமலே இருந்துவிடக்கூடும். கதைக்குப் புயல் அவசியம். ஆகவே என் துறைமுக நகரத்தைப் பதினைந்து பாகைக்கு நகர்த்தியிருக்கிறேன்.