பழைய வீட்டில் ஒரு அறை சேர்க்க பிளான் அப்ரூவல் வாங்கிய கதை

போன ஐப்பசியில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வாக்கர் பிடித்து நடக்கிற அளவுக்குத் தேறி வந்த பிறகுதான் வீட்டின் குறை கண்ணில் பட்டது. ஈரோடு மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர், அப்பா 1994-ல் கட்டிய வீடு, குளியலறையும் கக்கூசும் பொடக்காளியில், அதாவது வீட்டுக்குப் பின்பக்கம், மூன்று படி இறங்கிப் போக வேண்டும். ராத்திரியில் அம்மா அந்தப் படியில் கால் வைக்கும்போதெல்லாம் நானும் எழுந்து பின்னாலேயே போவேன். கீழே குளியலறையோடு அம்மாவுக்கு ஓர் அறை, அதற்கு மேலேயே பிள்ளைகளுக்கு ஓர் அறை, இரண்டும் சேர்த்து 420 சதுர அடி. இவ்வளவுதான் திட்டம்.

தெரிந்தவர் ஒருவர், "இத்தனூண்டு ரூமுக்கு எதுக்குங்க அப்ரூவல், ஊர்ல எல்லாரும் கட்டறாங்க" என்று சொன்னார். நானும் நம்பி அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆள் விட்டேன். இரண்டாவது நாளே பேங்க்கில் இருந்து போன். அப்ரூவல் ஆன பிளான் இல்லாமல் வீட்டு விரிவாக்கக் கடன் தரமாட்டார்களாம். வேலையை நிறுத்தினேன். தோண்டிய குழியை மறுபடி மூடச் சொன்னபோது மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. சுவரை உடைக்காமல், அறை சேர்க்காமல், பூச்சு, பெயின்ட், டைல்ஸ், கதவு மாற்றுவது மாதிரி வேலைக்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. ஆனால் புதிதாக ஒரு அறை எழும்பினால் அது கூடுதல் கட்டுமானம், எத்தனூண்டாக இருந்தாலும் அனுமதி வேண்டும்.

பதிவு பெற்ற இன்ஜினியர் ஒருவரைப் பிடித்தேன். வரைபடம் பற்றிக் கேட்பார் என்று நினைத்தால், "அண்ணா, பட்டா யாரு பேர்லீங்க இருக்குது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அப்பா பெயரில். அப்பா போய் நான்கு வருஷம் ஆகிறது, நாங்கள் யாரும் மாற்றவே இல்லை. பிளான் வரைய அவருக்கு நான்கு நாள்தான் ஆனது, இந்தப் பட்டாவைச் சரி செய்யத்தான் மாசியில் தொடங்கி வைகாசி ஆகிவிட்டது.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய இடம், உயில் எழுதவில்லை, அதனால் அம்மா, நான், தங்கச்சி மூன்று பேருக்கும் சமபங்கு. முதலில் தாலுகா ஆபீசில் வாரிசு சான்று. அது வந்ததும் சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு, தங்கச்சியிடம் பங்கை விட்டுத் தருவதாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடு, எல்லாம் உன் பெயருக்கு வந்துவிடும் என்றார்கள். செலவும் பெரிதில்லைதான். குடும்பத்துக்குள் எழுதிக்கொள்ளும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். இன்ஜினியரிடம் கேட்டேன். மூன்று பேர் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்கினால் போதும், விண்ணப்பத்தில் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் என்றார். அப்படியென்றால் தங்கச்சி தன் பங்கை எதற்கு எழுதித் தர வேண்டும்? அப்பா அவளுக்கும் அப்பாதானே. தாராபுரத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அம்மாவுக்கு ரூமு கட்டறதுக்கு நான் கையெழுத்துப் போடாம யாருங்ணா போடுவா" என்று அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். பேங்க்கிலும் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, அதற்கு இன்னொரு தடவை வந்தாள். அலைச்சல் கூடுதல்தான், ஆனால் இன்றைக்கும் எனக்கு அதுதான் சரி என்று படுகிறது.

இன்னொரு காகிதத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் மனைப்பிரிவு அங்கீகாரம் இல்லாதது. 2017-ல் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தித் தரும் வரன்முறைத் திட்டத்தை அரசு கொண்டு வந்தபோது, 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் விற்ற மனைகளை வரன்முறை செய்துகொள்ளலாம் என்றார்கள். அப்பா உடனே போய்ப் பணம் கட்டினார். கட்டிய வீட்டுக்கு இனி எதற்கு என்று நாங்கள் எல்லாரும் அவரைச் சத்தம் போட்டோம். அந்த ஆணை டிரங்குப் பெட்டியில் 1994 பஞ்சாயத்து பிளானோடு மடித்து வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் இன்ஜினியர் முகமே மலர்ந்துவிட்டது. எனக்குத்தான் கண் கலங்கியது.

2024 ஜூலையில் வந்த, நாமே சான்று சொல்லி விண்ணப்பிக்கிற சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்குமே என்று கேட்டுப் பார்த்தேன். அது 2,500 சதுர அடி வரையிலான மனைக்கும் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கும்தான். எங்களுடையது 6 சென்ட், அதாவது 2,614 சதுர அடி, 114 அடியில் நழுவிவிட்டது. ஆகவே ஒற்றைச் சாளர இணையதளத்தில் வழக்கமான வழி. பத்திரம், பட்டா, புலப்படம் (நில அளவை வரைபடம்), வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, பழைய பிளான், எல்லாவற்றையும் இன்ஜினியரே ஸ்கேன் செய்து ஏற்றினார். அதற்கு முன்னால் சுவரோரம் ஒரு குழி வெட்டி அஸ்திவாரத்தையும் பார்த்தார். கருங்கல் கட்டு, நல்ல கெட்டி, ஆனாலும் புது அறையைப் பழைய சுவர் மேல் ஏற்ற வேண்டாம், தனித் தூணில் நிறுத்தலாம் என்றார். செலவு கூடினாலும் அவர் சொன்னபடியே விட்டுவிட்டேன்.

நான் செய்த தப்பு ஒன்று உண்டு. பொடக்காளியில் காம்பவுண்டை ஒட்டி ஷீட் போட்ட ஒரு கொட்டகை, வாஷிங் மெஷினும் விறகும் கிடக்கும். அதை வரைபடத்தில் காட்ட வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். அனுமதிக்காக இடம் பார்க்க வந்த அதிகாரி டேப்பை எடுத்ததுமே, "இது என்னங்க, பிளான்ல காணோம்?" என்றார். காலி விட வேண்டிய இடத்தில் நின்றது அது. விண்ணப்பம் திரும்பி வந்தது. இடிக்கப் போவது மஞ்சளில், புதிதாக வருவது சிவப்பில் என்று வரைபடத்தை மாற்றி மறுபடி ஏற்றியதில் பதினெட்டு நாள் போய்விட்டது. இருப்பதை எல்லாம் அப்படியே காட்டிவிடுங்கள்.

கட்டணங்களில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போகும், கட்டுமானச் செலவில் 1 சதவீதமும் உண்டு. எங்கள் மேஸ்திரியிடம் வாரிய அட்டை இருக்கிறது, மகளின் படிப்புக்கு அங்கிருந்து உதவித்தொகை வந்திருக்கிறது, அதனால் அந்தப் பணத்தை மனசாரக் கட்டினேன். மழைநீர் சேகரிப்புக் குழியை வரைபடத்திலேயே காட்டியாக வேண்டும், காட்டினால் மட்டும் போதாது, வெட்டியும் விடுங்கள், நம் பக்கம் போர் ஆயிரம் அடி போயும் புகையாக வருவது எல்லாருக்கும் தெரியும்.

ஆனி கடைசியில் அனுமதி வந்தது. ஆடியில் வேலை தொடங்க வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார், சரி, ஆவணி முதல் முகூர்த்தத்தில் கொட்டகையை இடித்துவிட்டுத் தொடங்கினோம். அப்ரூவல் பிளான் நகல் ஒன்று எப்போதும் மேஸ்திரி கையில் இருக்கிறது. வேலை முடிந்ததும் கூடுதல் பரப்பைச் சொல்லி வீட்டு வரியைத் திருத்த வேண்டும், அது பாக்கி. இப்போது சுவர் லிண்டல் மட்டம் வரை வந்திருக்கிறது. குளியலறைக் கதவை இரண்டரை அடி என்று போட்டிருந்தார்கள், வாக்கர் நுழையட்டும் என்று மூன்றடியாக மாற்றிவிட்டோம். அம்மா தினமும் சாயங்காலம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து, அந்தக் கதவு வரப்போகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்.