பீலா, உருட்டு, முட்டு, சொம்பு: எதை எங்கே சொல்வது?

ஒரு படம் வெள்ளிக்கிழமை வெளியாகி, மதியத்துக்குள் படுத்துவிட்டது என்று வையுங்கள். அன்று சாயங்காலம் இணையத்தில் நாலு வகை ஆட்கள் கிளம்புவார்கள். நாலு பேரையும் ஒரே வார்த்தையால் திட்டுவதுதான் இந்த இணையக் கேலிப் பேச்சுக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்பு.

“டைரக்டர் நேத்து நைட் என்கிட்ட போன்ல பேசினாரு” என்பவர் விடுவது பீலா. தன்னைப் பற்றிய பெருமை அதில் கட்டாயம் இருக்கும். “மூணு நாள்ல முந்நூறு கோடி, எழுதி வச்சுக்கோ” என்பது உருட்டு. சொல்கிறவருக்கே பொய் என்று தெரியும், கேட்பவருக்கும் தெரியும், இருந்தாலும் புள்ளிவிவரத்தோடு நீட்டி முழக்குவார். “முதல் பாதி கொஞ்சம் ஸ்லோதான், ஆனா இன்டர்வெல் சீன் தெறி” என்பது முட்டு. தளம் போடும்போது கான்கிரீட் இறுகும்வரை அடியில் நிறுத்துவார்களே, அதே முட்டு. விழப்போகிற ஒன்று இருந்தால்தான் இந்தச் சொல்லுக்கு வேலை. நன்றாக ஓடுகிற படத்தைப் பாராட்டுகிறவரை “முட்டுக் கொடுக்கிறான்” என்றால் பொருந்தாது.

நாலாவது ஆள் ஒவ்வொரு விமர்சனத்துக்கும் கீழே போய் சண்டை பிடிப்பவர். யாரும் கூப்பிடாமலே களத்தில் இறங்குவதால் அவர் செய்வது கம்பு சுத்துறது. இதையே எல்லாப் படத்துக்கும், வருஷக் கணக்கில், ஒரே ஆளுக்காகச் செய்தால் அவர் சொம்பு. பஞ்சாயத்துக் காட்சிகளில் நாட்டாமை பக்கத்தில் நிற்குமே, அந்தச் சொம்பு. முட்டு ஒரு நாள் வேலை, சொம்பு நிரந்தர உத்தியோகம்.

இந்தச் சொற்களில் பாதி உயிர் கூட வரும் வினையில் இருக்கிறது. மொக்கை போட்டால் அறுக்கிறீர்கள். மொக்கை வாங்கினால் அசிங்கப்பட்டீர்கள். பல்பு (ஏமாந்து அசடு வழிவது) கொடுக்கலாம், வாங்கலாம். போட்டால் அது வீட்டு மின்விளக்கு. ஜகா (பின்வாங்குவது) வாங்கத்தான் முடியும், கொடுக்க முடியாது. சீன் போடத்தான் முடியும். ரீல் விட்டால் பொய், ரீல்ஸ் போட்டால் இன்ஸ்டாகிராம். விளம்பரம் எழுதுகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்: இளைஞர் பாஷை என்று நினைத்து வினையை மாற்றிவிடுவார்கள், அந்த விளம்பரமே மீம் ஆகிவிடும்.

மாஸ், கெத்து இரண்டும் ஒன்றல்ல. மாஸுக்குக் கூட்டம் வேண்டும், கைதட்ட ஆள் வேண்டும். ஒருத்தன் தனியாகக்கூடக் கெத்தாக நிற்கலாம். படத்துக்குத் தமிழில் தலைப்பு வைத்தால் வரிவிலக்கு இருந்த காலத்தில் இரண்டுமே சிக்கலில் மாட்டின. 2015இல் ‘மாஸ்’ என்ற தலைப்பு ‘மாசு என்கிற மாசிலாமணி’ ஆனது. 2016இல் ‘கெத்து’ தமிழ்ச் சொல்லா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. தெருவில் யாருக்கும் அந்தச் சந்தேகம் வந்ததாகத் தெரியவில்லை!

பூமர் தனிக் கதை. அமெரிக்காவில் அது 1946 முதல் 1964 வரை பிறந்த தலைமுறை. இங்கே வந்ததும் வயது கழன்றுகொண்டது. “எங்க காலத்துல எல்லாம்...” என்று ஆரம்பிக்கிற இருபத்தைந்து வயதுக்காரரும் பூமர் அங்கிள்தான். கேட்காமல் அட்வைஸ் பண்ணினால் போதும், பட்டம் உறுதி.

யாரிடம் சொல்லலாம்? நண்பனிடம் “உருட்டாதடா” தாராளமாகச் செல்லும். மேலதிகாரியிடம் “உருட்டுறீங்க சார்” என்றால், அந்த ‘ங்க’ காப்பாற்றாது. “நல்லா சமாளிக்கிறீங்க சார்” வரைக்கும் போகலாம், அதுவும் அவர் சிரிக்கிற நாளில். சொம்பு என்பதை நேரில் சொல்லாமல் இருப்பது நல்லது. விளையாட்டாகச் சொன்னாலும் விசுவாசத்தையே கேலி செய்வதால் சட்டென்று சண்டையாகும். பல்பு வாங்கியதை மட்டும் தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்ளலாம், கூட்டம் உங்களோடு சேர்ந்து சிரிக்கும்.

யாழ்ப்பாணத்து நண்பர்கள் இருக்கும் குழுவில் கலாய்ப்பதற்குப் ‘பகிடி’ என்ற சொல் இருக்கிறது. மொக்கை போடுகிறவரிடம் அவர்கள் “அலட்டாதை” என்பார்கள்.