பாதி அட்வான்ஸ், அப்புறம் ஸ்கெட்ச்

அட்டைப்படம் வரைந்து கொடுத்தாயிற்று, புத்தகமும் கடைக்கு வந்துவிட்டது. பணம் மட்டும் ‘அடுத்த வாரம்’ என்றே இழுத்தது. ஃப்ரீலான்ஸ் ஓவியர்கள் யாரைக் கேட்டாலும் இதே கதைதான்.

அந்தக் கடுப்பில்தான் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பற்றித் தேடினேன். ஆன்லைனில் இலவசம் (காசு கேட்கும் போலித் தளங்களும் உண்டு, உஷார்). பதிவு செய்த குறு, சிறு தொழிலுக்கு, நாம் முடித்துக் கொடுத்த வேலையைப் பெற்று ஏற்றுக்கொண்டவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் (அது மற்ற வங்கிகளுக்குக் கடன் தர அறிவிக்கும் வட்டி விகிதம்) போல மூன்று மடங்கு கூட்டு வட்டி!

வழக்குப் போடும் தெம்பெல்லாம் எனக்கில்லை. ஆனால் இன்வாய்ஸின் அடியில் பதிவு எண்ணும் அந்த 45 நாளும் இப்போது ஏறிவிட்டன. பாதி அட்வான்ஸ் வந்த பிறகுதான் ஸ்கெட்ச். மூன்றாவது திருத்தத்துக்குத் தனிக் காசு. இதைக் கேட்டதுமே காணாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். சரி, போகட்டும்.