மாலை கழற்றிய மறுநாள்

ஏழு வருஷம் ஐயப்பனுக்கு மாலை போட்டவன் நான். கார்த்திகை பிறந்து கழுத்தில் துளசி மாலை ஏறிவிட்டால் 41 நாளும் ஒரு சொட்டு தொட மாட்டேன். விடிவதற்குள் பச்சைத் தண்ணீர்க் குளியல், படுக்கத் தரை, செருப்பில்லாத கால். பிள்ளைகள்கூட 'சாமி' என்றுதான் கூப்பிடும். மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கடையில் நிற்பேன். ஏழு வருஷமும் அப்படித்தான்.

விரதத்தில் குறையில்லை. ஐயப்பன் கைவிடவும் இல்லை. ஆனால் 41 நாளும் கூடவே இருந்த குருசாமியும் பஜனைக் கூட்டமும் மாலை கழற்றியதும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் தனியாக நிற்பேன். இது எனக்குப் புரிந்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற, குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பின் கூட்டத்துக்குப் போன பிறகுதான்.

குடியை விட்டு 11 வருஷம் ஆகிறது. கடைசியாகக் குடித்தது ஒரு தை மாதம், அதனால் ஒவ்வொரு தைப் பௌர்ணமிக்கும் திருவண்ணாமலை. இது அமைப்பின் நிகழ்ச்சி கிடையாது. அதற்கு எந்த மதத்தோடும் தொடர்பில்லை. எங்கள் குரூப்பில் மாதா கோவிலுக்குப் போகிறவர் உண்டு, பள்ளிவாசலுக்குப் போகிறவரும் உண்டு. கடவுளை அவரவர் அறிந்துகொண்ட வகையில் வணங்கலாம் என்பதுதான் அங்கே பேச்சு. நான் அறிந்துகொண்ட வகை அண்ணாமலையார்.

இந்த வருஷம் மூன்று பேர் போனோம். ஒருவர் ரிடையரான பஸ் டிரைவர், குடியை விட்டு 23 வருஷமானவர். இன்னொருவன் 19 நாள் ஆன ஒரு தம்பி, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. (வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர்கள் சாமி மேல் பாரத்தைப் போட்டுச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் சில நாட்கள் டாக்டர் பார்வையில் இருக்க வேண்டும்.)

217 அடி ராஜகோபுரத்தைக் கடந்து உள்ளே போனால் வல்லாள மகாராஜா கோபுரம். இளமையைச் சீரழித்துவிட்டு மனம் நொந்த அருணகிரிநாதர் இதன் உச்சியிலிருந்துதான் குதித்தார் என்பது ஐதீகம். கீழே விழவிடாமல் முருகன் தாங்கிக்கொண்டான். அதற்குச் சாட்சியாகக் கோபுரத்திளையனார் சந்நிதி இருக்கிறது. தம்பி அண்ணாந்து பார்த்தபடியே நின்றான். அப்புறம் மெதுவாக, "நானும் மொட்டை மாடி வரைக்கும் போயிருக்கேண்ணா" என்றான்.

டிரைவர் அண்ணன் புத்தி சொல்லவில்லை. "நானும்தான்பா" என்றார், அவ்வளவுதான். பெற்றவர்கள் அழுதபோதும் பெண்டாட்டி காலில் விழுந்தபோதும் என் காதில் ஏறாதது, முன்பின் தெரியாத ஒரு குடிகாரர் "நானும்தான்" என்று சொன்னபோது ஏறியது. அன்று எனக்கு நடந்தது இப்போது இவனுக்கு நடப்பதைப் பார்த்தேன்.

ராத்திரி பத்து மணிக்கு நடக்க ஆரம்பித்தோம். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். இந்திர லிங்கம், அக்னி லிங்கம், ரமணாசிரமம், எம லிங்கம் என்று பனியில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தோம். வழியில் சுக்குக் காபி வாங்கினோம். தம்பியின் கை நடுங்கி, பேப்பர் கப்பின் விளிம்பு தாண்டி விரலில் வழிந்தது. டிரைவர் அண்ணன் தன் கப்பில் பாதியைக் கீழே ஊற்றிவிட்டு, பாதி மட்டும் இருந்ததை அவனிடம் கொடுத்து, அவன் கப்பைத் தான் வாங்கிக்கொண்டார். யாரோ அவருக்கு அப்படிச் செய்திருக்க வேண்டும்.

பசி, கோபம், தனிமை, களைப்பு. இந்த நாலும் வந்தால் உஷாராக இரு என்று எங்கள் கூட்டத்தில் சொல்வார்கள். நடுராத்திரியில் மூன்று அவனிடம் இருந்தன. இட்லி வாங்கிக் கொடுத்தோம். நாலாவது வராமல் பார்த்துக்கொள்ளத்தான் பேசிக்கொண்டே நடந்தோம்.

"உங்களுக்கு என்னால தொந்தரவுண்ணா" என்றான். அதற்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொன்னேன். 1935 மே மாதம், அக்ரன் என்ற ஊர். பில் என்பவர் குடியை விட்டு ஐந்து மாதம். வந்த வியாபாரம் முறிந்து ஓட்டலில் தனியாக நிற்கிறார், பக்கத்தில் பாரின் சத்தம். உள்ளே போகாமல் அவர் போனை எடுத்தார், பேசுவதற்கு இன்னொரு குடிகாரரைத் தேடி. அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் என்கிற அறுவை மருத்துவர். அந்த ஜூன் 10-ஆம் தேதி பாப் கடைசியாகக் குடித்தார். அந்த நாளைத்தான் அமைப்பு பிறந்த நாளாகக் கொண்டாடுகிறோம். "அன்னைக்குப் பாப் இல்லேன்னா பில் குடிச்சிருப்பாரு. நீ வந்ததாலதான் இன்னைக்கு நான் குடிக்காம நடக்கிறேன் தம்பி" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

குபேர லிங்கம் தாண்டி இடுக்குப் பிள்ளையார். பின்வாசலில் நுழைந்து, ஒருக்களித்து ஊர்ந்து, முன்பக்கம் வெளியே வர வேண்டும். நான் முதலில் வந்துவிட்டேன். தம்பி நடுவில் சிக்கிக்கொண்டான். தோள் திரும்பவில்லை. "அண்ணா, முடியல" என்று குரல் மட்டும் கேட்டது. பின்னாலிருந்து டிரைவர் அண்ணன், "மூச்சை விடு, உடம்பைத் தளர்த்து" என்றார். நான் இடுக்குக்குள் கையை நீட்டினேன். வியர்த்து, ஜில்லென்றிருந்த ஒரு கை வந்து பிடித்துக்கொண்டது. இழுத்தேன். மண்ணும் விபூதியுமாக வெளியே வந்து, உட்கார்ந்து அழுதான். நாங்களும் பக்கத்தில் உட்கார்ந்தோம். "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று கூட்டம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

ஈசான்ய லிங்கத்தில் கும்பிட்டு முடிக்கும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் தம்பி கேட்டான்: "திங்கக்கிழமை மீட்டிங் எத்தனை மணிக்குண்ணா?"

"ஏழு மணி" என்றார் டிரைவர் அண்ணன். "நீ ஆறரைக்கே வந்துடு. நாற்காலி போட ஆள் வேணும்."