தை பிறக்கட்டும் என்று காத்திருந்தேன்

கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுப்பது சுலபம். ஐ-407 படிவம், கட்டணம் கிடையாது, கார்டையும் உள்ளே வைத்துத் தபாலில் அனுப்பினால் முடிந்தது. நான் மாட்டிக்கொண்டது தேதியில்.

திருச்சிக்குத் திரும்பி, 2021 டிசம்பரிலேயே கவரை ஒட்டி வைத்துவிட்டேன். "மார்கழில எதுக்குடா? தை பொறக்கட்டும்" என்றார் அம்மா. சரியென்று பொங்கல் முடிந்து அனுப்பினேன்.

அப்புறம்தான் அமெரிக்க வரி பார்க்கிற ஆடிட்டர் போனில் கேட்டார், "கார்டு எப்ப வந்துச்சு?"

"2015 டிசம்பர்."

"திருப்பி அனுப்பினது?"

"இந்த ஜனவரி."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. ஆறு வருஷமும் சில வாரமும் என்பது நம் கணக்கு. அமெரிக்க வரித்துறைக்கு ஒரு வருஷத்தில் ஒரு நாள் கார்டு இருந்தாலும் அது ஒரு வருஷம். எண்ணிப் பாருங்கள், எட்டு வரும். 15 வருஷத்தில் எட்டு ஆகிவிட்டால், குடியுரிமையைத் துறக்கிறவர் போகும்போது கட்ட வேண்டிய வெளியேற்ற வரி விதி, கார்டைத் திருப்பிக் கொடுக்கிற நமக்கும் உண்டு. டிசம்பரில் அனுப்பியிருந்தால் ஏழோடு தப்பித்திருப்பேன்.

"இருபது லட்சம் டாலர் சொத்து இருக்கிறவங்களுக்குத்தானே சார்?" என்று சிரித்தேன். ஐந்து வருஷ வரிக்கணக்கு சுத்தம் என்று 8854 படிவத்தில் உறுதி கொடுக்க முடியாதவரும் அதில் சேர்த்தி என்றார். சிக்கினால், ஐ.ஆர்.ஏ. என்கிற அமெரிக்க ஓய்வுக்காலக் கணக்கில் கிடக்கும் பணம் மொத்தமும் ஒரே நாளில் கைக்கு வந்ததாக வைத்து வரி. ஊரைவிட்டுப் போனவரிடமும் குடியுரிமையைக் காட்டி வரி கேட்கிற வெகுசில நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. அந்தப் பிடி விடுபடும்போது வாசலிலேயே கணக்கை முடிக்கப் பார்க்கிறார்கள்.

என் கணக்கு சுத்தமில்லை. வெளிநாட்டில் இருக்கும்போது இந்திய பேங்கில் போட்ட என்.ஆர்.இ. டெபாசிட் வட்டிக்கு அப்போது இங்கே வரி இல்லை, அமெரிக்காவில் உண்டு. நான் காட்டவே இல்லை. அமெரிக்க வரி வருஷம் ஜனவரி-டிசம்பர். அந்தக் கணக்குக்கு வட்டி விவரம் கேட்டு பேங்குக்குப் போனால், "ஏப்ரல்-மார்ச்சுக்குத்தான் சர்டிபிகேட் வரும் சார், ஜனவரி-டிசம்பர்லாம் சிஸ்டத்துல இல்ல." மறுமுறை, பழைய கஸ்டமர் ஐடி வேண்டும் என்றார்கள். மூன்றாம் முறை மேனேஜரைப் பார்த்து, காலாண்டு வட்டி விவரம் வாங்கி நானே கூட்டினேன். ஐந்து வருஷத்துக்கும் திருத்திய ரிட்டர்ன், பாக்கி வரி, அதற்குமேல் ஆடிட்டர் ஃபீஸ். அதன்பிறகே 8854இல் கை நடுங்காமல் கையெழுத்துப் போட்டேன்.

கார்டு வைத்திருப்பவர்கள் வருஷா வருஷம் டிசம்பர் கடைசியில் அந்த வட்டியைக் குறித்து வையுங்கள். குடியுரிமையே வாங்கிவிட்டவர்கள் பாடு அப்போது இன்னும் மோசம்: துறப்பதற்கான கட்டணமே 2014இல் 450 டாலரிலிருந்து 2,350 ஆகியிருந்தது.

அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. தையில் அனுப்பியதால்தான் பிள்ளைக்கு எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.