ஆடிக் காற்றும் குளச்சல் புட்டிகளும்

ஜூலை 19

ஆடி பிறந்ததிலிருந்து சேலம் அஸ்தம்பட்டியில் மாடிக் கொடியில் துணி நிற்பதில்லை. குளச்சல் பக்கம் ஆய்வு செய்யும் தம்பி மகன் மூன்று புட்டி கடல்நீரைப் பஸ்ஸில் போட்டு அனுப்பியிருக்கிறான். உள்ளே இருக்கும் நுண்பாசி கெடாமலிருக்க அயோடின் கலந்ததால் வெளிர் டீ நிறம். மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூலை 31 வரை தடை, அதனால் வள்ளத்தில் போய் எடுத்தானாம். "ஒண்ணு காத்துக்கு முன்னாடி, ஒண்ணு காத்து அடிக்கும்போது, ஒண்ணு அடங்கின பிறகு. பாத்துட்டுச் சொல்லுங்க அத்தை."

ஜூலை 20

பருவக்காற்றில் கடலின் கீழ்நீர் எப்படி மேலே வருகிறது என்று வகுப்பில் கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான்: கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று அடிக்கும், மேல்நீர் விலகும், கீழ்நீர் மேலே வரும். கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் அப்படியில்லை. தென்மேற்குப் பருவத்தில் அங்கே காற்று பெரும்பாலும் கரையை ஒட்டித் தெற்கு நோக்கிப் போகிறது. நார்வே ஆய்வுப் பயணி நான்சென் 1893இல் தொடங்கிய பயணத்தில் ஃபிராம் கப்பலில் ஆர்க்டிக்கில் மிதந்தபோது, பனிக்கட்டிகள் காற்றின் திசையில் போகாமல் வலப்பக்கம் ஒதுங்குவதைக் கவனித்தார். அதற்கு 1905இல் கணக்குப் போட்டவர் ஸ்வீடன் கடலியலாளர் எக்மன். பூமி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் காற்று இழுக்கும் மேலடுக்கு மொத்தமாகப் பார்த்தால் காற்றுக்கு வலது செங்கோணத்தில் நகர்கிறது. தெற்கு நோக்கிப் போகும் காற்றுக்கு வலப்பக்கம் அரபிக்கடல். மேல்நீர் அந்தப் பக்கம் போக, அந்த இடத்தை நிரப்பப் பல பத்து மீட்டர் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் ஏறுகிறது. நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் என்று பாசிக்கு வேண்டிய சத்தெல்லாம் அதோடு வரும்.

எல்லாம் உள்ளூர்க் காற்றின் வேலை என்றும் சொல்ல முடியாது. வங்கக் கடல் பக்கம் கிளம்பி, கரையை ஒட்டியே சுற்றி வரும், கண்ணுக்குத் தெரியாத நீண்ட கடலலைகளுக்கும் இதில் பங்கு உண்டு.

ஜூலை 22

இன்றுதான் மைக்ரோஸ்கோப்பில் உட்கார முடிந்தது. முதல் புட்டியில் பொடிப்பொடியான கசையுயிரிகள், அதாவது சவுக்கு போன்ற இழையால் நீந்தும் ஒருசெல் உயிர்கள். சத்துக் குறைந்த நீரில் சின்ன உடம்புதான் பிழைக்கும். உடம்பின் அளவைப் பார்த்தால் மேற்பரப்பு அதிகம், கிடைக்கிற கொஞ்சத்தையும் உறிஞ்சிவிடும்.

காற்று அடிக்கும்போது எடுத்த புட்டியில் கூட்டமாக இருக்கும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? கிட்டத்தட்ட காலி. உரம் கொட்டும் கையே விதையையும் வாரிக்கொண்டு போகிறது. பலத்த காற்று செல்களை வெளிச்சம் எட்டாத ஆழத்துக்குக் கலக்கிவிடும், மிச்சத்தை வெளிக்கடலுக்குத் தள்ளிவிடும்.

மூன்றாவதில்தான் கொண்டாட்டம். கீட்டோசீரஸ், தலாசியோசைரா, ஸ்கெலிடோனிமா என்று டயட்டம்கள், அதாவது சிலிக்கா ஓடுள்ள ஒருசெல் பாசிகள், சங்கிலி சங்கிலியாக. காற்று தணிந்ததும் சத்து மேலேயே தங்குகிறது, வெளிச்சமும் கிடைக்கிறது. டயட்டம்கள் ஒரு நாளிலேயே இரட்டிப்பாகக்கூடியவை. ஆனால் ஓடு கட்ட சிலிக்கா வேண்டும். அது தீர்ந்து, கடலும் அசையாமல் கிடந்தால் நீந்தத் தெரிந்த டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்ற ஒருசெல் உயிர்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக, காற்று எவ்வளவு பலமாக அடித்தது என்பதை மட்டும் எழுதி வைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. இரண்டு காற்றுக்கு நடுவில் எத்தனை நாள் ஓய்வு என்பதையும் குறிக்க வேண்டும்.

ஜூலை 23

ஏற்காடு ஏரியிலும் இது நடக்குமா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. காற்று நீரை ஒரு கரைக்குத் தள்ளினால் எதிர்க்கரையில் கீழ்நீர் கொஞ்சம் ஏறலாம். ஆனால் பூமியின் சுழற்சி நீரைத் திருப்பும் அளவுக்கு அந்த ஏரி பெரிதில்லை.

ஜூலை 26

மார்க்கெட்டில் மத்தி வாங்கினேன். டயட்டம்களை நேரடியாகத் தின்னும் மீன் இது. இடையில் ஆள் தேவையில்லை. பாசி தின்னும் கோபிபாடுகள் என்ற பொடி மிதவை உயிர்கள் டயட்டம்களைப் போல வேகமாகப் பெருகாது, முட்டையிலிருந்து வளர வாரக் கணக்கில் ஆகும். அதற்குள் அடுத்த காற்று வந்தால் விருந்து கலைந்துவிடும். தின்னப்படாத பாசி அடியில் விழுந்து அழுகும்போது ஆக்சிஜனைக் குடித்துவிடுகிறது. மேற்குக் கரைக்கு ஏறி வரும் நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. அதனால் பருவத்தின் பின்பாதியில் அடிமட்ட மீன்கள் மூச்சுக்குத் திண்டாடும்.

அடுத்த முறை காற்று அடங்கிய மறுநாளிலிருந்து தினம் ஒரு புட்டி எடு என்று அவனிடம் சொன்னேன். "தினமுமா? வள்ளக்காரர் என்னை அடிப்பார் அத்தை" என்றான். எண்ணெய்க் காசு என் பொறுப்பு என்றதும் சரி என்றுவிட்டான்.