காபைட் டிரம்களுக்கு நீல லேபல் ஒட்டி முடித்த அனுபவம்

கல்சியம் காபைட் போன்ற, தண்ணீர் பட்டால் எரிவாயுவை வெளிவிடும் சரக்கைக் கொழும்பிலிருந்து கப்பலில் அனுப்ப வேண்டியவர்கள் யாராக இருந்தாலும், அபாய லேபல் வாங்குவதற்கென்று முதலில் அச்சகத்துக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் நிறுவனம் வெல்டிங் பட்டறைகளுக்குக் காபைட்டும், துருத் தடுப்புப் பூச்சு தயாரிப்பவர்களுக்குத் துத்தநாகம் எனப்படும் நாகத்தின் தூளும் இறக்குமதி செய்யும் சிறிய நிறுவனம். இம்முறை அவற்றில் ஒரு பகுதியை மாலைதீவுக்கு மறு ஏற்றுமதி செய்ய வேண்டியிருந்தது. களஞ்சியத்தில் கிடந்த காலத்தில் டிரம்கள் ஒன்றோடொன்று உரசி, அவற்றின் பழைய லேபல்கள் கிழிந்துபோயிருந்தன. விலைப்பட்டியல், சுங்க ஆவணங்கள், கொள்கலன் ஒதுக்கீடு எல்லாம் ஓரிரு தொலைபேசி அழைப்புகளில் முடிந்துவிட்டன. ஒரு சாண் அகலம்கூட இல்லாத லேபல்தான் எங்களைப் படாத பாடு படுத்தியது.

புறக்கோட்டையில் நாங்கள் வழக்கமாக ஸ்டிக்கர் அடிக்கும் கடையில், அபாய லேபல் என்று கேட்டதும் சிவப்புப் பின்னணியில் தீச்சுடர் போட்ட தாள்களைக் கட்டாக எடுத்து மேசையில் வைத்தார்கள். நீலம் வேண்டும் என்றேன். கடைக்காரர் என் மீது உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்: "தம்பி, சிவப்பு என்றால் எல்லாருக்கும் விளங்கும். நீலத்தைப் பார்த்து யார் பயப்படப் போறாங்க?" கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தப் பேச்சுத்தான் மிகவும் ஆபத்தானது. சாய்சதுரம் முழுவதும் சிவப்பாக, கீழ் மூலையில் 3 என்ற அபாய வகுப்பு இலக்கம் இருந்தால் அது எரியும் திரவம். வெள்ளையில் செங்குத்தான சிவப்புக் கோடுகள் இருந்தால் வகுப்பு 4.1, அதாவது எரியும் திண்மம். மேற்பாதி வெள்ளையும் கீழ்ப்பாதி சிவப்புமாக இருந்தால் 4.2, தானாகத் தீப்பற்றும் பொருள். முழு நீலம் ஒன்றுதான் 4.3, அதாவது தண்ணீருடன் சேர்ந்தால் எரியும் வாயுவை விடும் பொருள்.

நிறம் மாறினால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டால் யாரும் சிவப்புத் தாளை வாங்க மாட்டார்கள். தீ என்று கேள்விப்பட்டு ஓடி வருபவர் சிவப்பைக் கண்டால் நுரையையோ தண்ணீரையோ அடிக்க நினைக்கலாம். ஒரு கிலோ காபைட் முழுவதும் நனைந்தால் ஏறத்தாழ 300 லீற்றர் அசற்றிலீன் வாயு வெளிவரும். அந்த வாயு காற்றில் நூற்றுக்கு 2.5 பங்கு அளவு சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கக்கூடியது. நீலத்தைக் காண்பவர் குழாயைக் கீழே வைத்துவிட்டு உலர்ந்த மணலையோ உலர் இரசாயனத் தூளையோ தேட வேண்டும். அந்த லேபலின் வேலை அச்சமூட்டுவதோடு முடிவதில்லை. கையில் எதை எடுக்கக் கூடாது என்பதையும் அது சொல்லியாக வேண்டும்.

அடுத்த தடங்கல் நாங்கள் பணம் கொடுத்து அமர்த்திய பாதுகாப்பு ஆலோசகரிடமிருந்து வந்தது. காபைட்டின் பாதுகாப்புத் தரவுத் தாளில் இரண்டாம் பிரிவைத் திறந்து, அங்கிருந்த வெள்ளைப் பின்னணியும் சிவப்பு விளிம்பும் கொண்ட தீச்சுடர் அடையாளத்தைக் காட்டி, இதையே பெரிதாக அச்சடித்து ஒட்டினால் போதும் என்று எழுதியே கொடுத்துவிட்டார். அது ஜி.எச்.எஸ். எனப்படும், இரசாயனங்களை வகைப்படுத்தி லேபலிடும் உலகப் பொது முறைப்படி, பொருளைத் திறந்து கையாளுபவருக்கான அடையாளம். எரியும் திரவத்துக்கும் அதே படம்தான், காபைட்டுக்கும் அதே படம்தான். வேறுபாட்டை அருகிலுள்ள வாசகத்தைப் படித்துத்தான் அறிய முடியும். கப்பலிலும் லொறியிலும் போகும் சரக்குக்கு எது வேண்டும் என்பது அதே தாளின் 14ஆம் பிரிவில் இருக்கிறது. யூ.என். இலக்கம் (சரக்கை அடையாளம் காட்டும் ஐ.நா. இலக்கம்), முறையான சரக்குப் பெயர், வகுப்பு, துணை அபாயம், பொதியிடல் தொகுதி (அபாயம் எவ்வளவு கடுமையானது என்பதற்கான தரம்) ஆகியவை அங்கே வரிசையாகத் தரப்பட்டிருக்கும். காபைட்டுக்கு யூ.என். 1402, வகுப்பு 4.3, துணை அபாயம் எதுவும் இல்லை. பொதியிடல் தொகுதி ஒன்றாக இருந்தாலும் இரண்டாக இருந்தாலும் லேபல் மாறாது. எனவே 14ஆம் பிரிவிலிருந்து இலக்கத்தை எடுத்து, அதை ஐ.எம்.டி.ஜி. எனப்படும் கடல்வழி அபாயச் சரக்கு விதிக்கோவையின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அச்சகத்தின் வாசலை மிதியுங்கள்.

வேறோர் அச்சகத்தில் நீல லேபல் அடித்து எடுத்துப் போனபோது கப்பல் முகவரின் அலுவலகத்தில் அதை ஏற்க மறுத்தார்கள். மறுப்புக்குச் சொன்ன காரணங்கள் இரண்டில் ஒன்று சரி, மற்றது முற்றிலும் தவறு. அச்சகத்தார் தாமாகவே கீழ் மூலையில் 4.3 என்று போட்டிருந்தார்கள். அங்கே வகுப்பின் இலக்கமாகிய 4 மட்டுமே வர வேண்டும். இதை எழுதுநர் சரியாகவே பிடித்தார். ஆனால் தீச்சுடர் வெள்ளையாக இருப்பதும் பிழை என்று அவர் நின்றதை என்னால் ஏற்க முடியவில்லை. மேசைக் கண்ணாடியின் கீழே, ஓரங்கள் மஞ்சளித்துப்போன ஒரு வண்ண அட்டை இருந்தது. அதில் தீச்சுடர் கருப்பு. எங்கள் லேபலை அதன் மேலேயே வைத்து, "பாருங்க, ஒன்றாகவா இருக்கு?" என்று கேட்டுவிட்டு அடுத்தவரை அழைத்தார். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எங்கள் கரையோரத்தில் எரிந்ததைக் கொழும்பில் இந்தத் தொழில் செய்யும் எவரும் மறக்கவில்லை. அபாயச் சரக்கு என்றால் அலுவலர்கள் இறுக்கமாக இருப்பதை நான் வரவேற்கிறேன். ஆனால் அந்த இறுக்கம் விதியைப் பிடித்து நிற்க வேண்டுமே தவிர, பழைய அட்டையைப் பிடித்து நிற்கக் கூடாது. விதிக்கோவையின் 5.2ஆம் அத்தியாயத்தை அச்செடுத்துப் போய், 4.3க்குரிய சுடர் கருப்பாகவோ வெள்ளையாகவோ இருக்கலாம் என்ற இடத்தை அவருடைய மேலதிகாரியிடம் காட்டினேன். அவர் நின்றபடியே வாசித்துவிட்டு, இலக்கத்தை மட்டும் திருத்திக்கொண்டு வரச் சொன்னார். அன்று அந்தப் படிகளில் இறங்கியபோது எனக்குண்டான நிம்மதியை அளவிட்டுச் சொல்ல முடியாது. "நனைந்தால் ஆபத்து" என்ற வாசகம் லேபலில் கட்டாயமில்லை என்பதையும் அதே அத்தியாயத்தில் பார்த்து உறுதிசெய்துகொண்டோம்.

லேபலின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கமொன்று 100 மில்லிமீற்றர் என்ற அளவை எந்த அச்சகமும் சரியாக அடித்துத் தந்துவிடும். கடல்நீரில் குறைந்தது மூன்று மாதம் கிடந்தாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்ற நிபந்தனையைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. எங்களுக்குக் கிடைத்த முதல் மாதிரியை வெள்ளவத்தைக் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த வாளித் தண்ணீரில் போட்டு வைத்தோம். சில நாட்களிலேயே ஓரங்கள் சுருண்டு, நீலம் வெளிறிச் சாம்பல் பூத்துவிட்டது. பிறகுதான் பி.எஸ். 5609 என்ற கடல்சார் லேபல் தரத்துக்கு ஏற்ற தாளும் மையும் வேண்டும் என்று எழுத்திலேயே கேட்டு வாங்கினோம். விலை கூடத்தான், ஆனாலும் இதில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

லேபல் ஒட்டிய அன்று நடந்ததை இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. டிரம்களில் தூசி படிந்திருந்ததால், புதிதாக வந்த கூலியாள் ஒருவர் லேபல் நன்றாகப் பிடிக்கட்டும் என்று துணியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து மூடியின் விளிம்பைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். களஞ்சியப் பொறுப்பாளர் தூரத்திலிருந்தே, "அண்ணே, துணியைக் கீழே போடுங்க! கையை எடுங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினார். அந்த டிரம்மின் மூடி இறுக்கமாக இருந்ததால் ஒன்றும் நடக்கவில்லை. உலர்ந்த துணியால் மட்டுமே துடைக்க வேண்டும். மழை பெய்யும்போதோ, திறந்த முற்றத்திலோ இந்த வேலையை எடுக்கவே கூடாது. உள்ளிப் பூண்டு போன்ற நெடி எந்த டிரம்மிலிருந்து வந்தாலும் அது ஏற்கனவே ஈரம் கண்டிருக்கிறது என்று கருதி, அதைத் தொடாமல் ஆட்களை விலக்கிவிட்டு, விவரம் தெரிந்தவரை அழைக்க வேண்டும்.

நாகத் தூளில் வேறு விதமான சிக்கல். இரண்டு வழங்குநர்களிடமிருந்து வந்த, கண்ணுக்கு ஒரே மாதிரியான சாம்பல் நிறத் தூள். ஒருவரின் தரவுத் தாள் யூ.என். 1436, வகுப்பு 4.3, துணை அபாயம் 4.2 என்கிறது, மற்றவரின் தாள் யூ.என். 3077, வகுப்பு 9, அதாவது சூழலுக்குக் கேடான திண்மம் என்கிறது. எல்லாவற்றுக்கும் நீலத்தை ஒட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றார் முகவரின் ஆள். தீராது. தண்ணீருடன் சேரும்போது ஒரு கிலோவுக்கு மணிக்கு ஒரு லீற்றருக்கு மேல் எரியும் வாயு வெளிவந்தால் ஒரு பொருள் 4.3இல் சேரும், அதைத் தீர்மானிக்க என்.5 என்ற சோதனை இருக்கிறது. வகுப்பு 9 என்று எழுதிய வழங்குநரிடம் அந்தச் சோதனை முடிவை விடாமல் கேட்டோம். அளவு அந்த எல்லைக்குக் கீழே என்பதைக் காட்டும் அறிக்கை கடைசியில் வந்தது. ஆகவே அவருடைய தூளுக்கு ஒன்பதாம் வகுப்பு லேபலும் மீனும் மரமும் போட்ட சூழல் அடையாளமும், மற்றவருடைய தூளுக்கு நீலத்தோடு 4.2க்குரிய வெள்ளை-சிவப்பு லேபலும் என்று பிரித்து ஒட்டினோம். நீலம் ஒட்ட வேண்டாத டிரம்மில் அதை ஒட்டினால், ஒட்ட வேண்டிய டிரம்மை யாரும் நம்ப மாட்டார்கள்.

கொள்கலனுக்கு வந்தபோது பயணம் ஒன்று வீணாயிற்று. கதவிலும் ஒரு பக்கத்திலும் பெரிய லேபல் ஒட்டினால் போதும் என்று முகவரின் ஆள் தொலைபேசியில் சொன்னதை நம்பி லொறியை அனுப்பினோம். துறைமுக வாயிலில் அதைத் திருப்பிவிட்டார்கள். கொள்கலனின் இரண்டு பக்கங்களிலும் இரண்டு முனைகளிலுமாக நான்கு இடங்களில், பக்கமொன்று குறைந்தது 250 மில்லிமீற்றர் அளவில் அவை இருக்க வேண்டும். ஒரே யூ.என். இலக்கமுள்ள அபாயச் சரக்கு மட்டுமே உள்ளே இருந்து, அதன் நிறை 4,000 கிலோவைத் தாண்டினால், அந்த இலக்கமும் வெளியே தெரிய வேண்டும். எங்கள் காபைட் தாண்டியது. அதோடு, அந்தக் கொள்கலனின் பின்பக்கத்தில் யாரோ அனுப்பிய அமிலத்தின் எட்டாம் வகுப்பு லேபல் கிழிக்கப்படாமல் அப்படியே இருந்தது. வெற்றுக் கொள்கலனைப் பொறுப்பேற்கும்போது நான்கு பக்கமும் சுற்றி வந்து, சம்பந்தமில்லாத பழைய லேபல்களைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். உதிரியாக இரண்டு பெரிய லேபல்களைச் சாரதியிடம் கொடுத்தும் வையுங்கள்.

களஞ்சியச் சுவரில் மட்டும் நீலச் சாய்சதுரத்தோடு நிறுத்திவிட முடியாது. தொழிலிடங்களில் நீல வட்டம் என்றால் தலைக்கவசம் அணி, கையுறை போடு என்ற கட்டளை என்றே நம் ஆட்கள் பழகியிருக்கிறார்கள். எனவே தண்ணீரால் அணைக்கக் கூடாது என்று காட்டும் சிவப்பு வட்ட, குறுக்குக் கோட்டு அடையாளத்தைக் கதவின் அருகிலும், அதைவிட முக்கியமாகத் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்ச் சுருளின் மேலேயும் மாட்டினோம். வாசகத்தைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் போட்டோம். கொழும்புத் தீயணைப்புப் படையை 110இல் அழைக்கும்போது முதல் வாக்கியத்திலேயே காபைட் இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்பதும் தொலைபேசியின் அருகே எழுதப்பட்டிருக்கிறது. 2016இல் களனி கங்கை பெருகியபோது வெள்ளம் எவ்வளவு தூரம் உள்ளே வந்தது என்பதைப் பார்த்தவர்கள் நாங்கள். டிரம்களைத் தரையிலிருந்து உயர்த்திய தட்டுகளில்தான் வைக்கிறோம், கூரை ஒழுக்கை மழைக்காலத்துக்கு முன்பே பார்க்கிறோம்.

கடைசியாக வெற்று டிரம்கள். மாலைதீவுச் சரக்கு போன பிறகு, எங்கள் உள்ளூர் வாடிக்கையாளர்கள் திருப்பித் தந்த காலி டிரம்களைக் கேட்டு கிராண்ட்பாஸ் பக்கத்திலிருந்து பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் வந்தார். விலை பேசிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து பிளேட்டை எடுத்து நீல லேபலைச் சுரண்டத் தொடங்கினார்; சுத்தமான டிரம்முக்கு விலை கூடுதலாம். அடியில் படிந்திருக்கும் காபைட் தூள் ஒரு பிடி இருந்தாலே, மழையில் நனைந்து உள்ளே வாயு நிறைந்து, வெட்டுவதற்குத் தீச்சுடரைப் பிடிக்கும் ஆளின் முகத்தில் வெடித்துவிடும். சுத்தம் செய்யப்படாத வெற்று டிரம்முக்கும் நிறைந்த டிரம்முக்குரிய லேபல் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் விதி. அவரிடம் பிளேட்டை மடிக்கச் சொல்லி, விற்பனையை நிறுத்திவிட்டோம். இப்போது எச்சத்தை அகற்றும் வேலையை அதற்கான அனுமதி பெற்ற நிறுவனத்திடம் கொடுக்கிறோம். அவர்களுடைய சான்று கைக்கு வந்த பிறகே லேபலை எடுக்கிறோம், அதன் பிறகே டிரம் வாயிலைத் தாண்டுகிறது.